வீட்டிலேயே கடைசி நாட்கள்: நள்ளிரவுக்கு முன்பே கைவசம் இருக்க வேண்டிய மருந்துகள்

"இனி இங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு அழைத்துப்போய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மருத்துவர் சொன்னதும் பெரும்பாலான குடும்பங்கள் கேட்கும் கேள்வி, "எத்தனை நாள்?" என்பதுதான். அதற்கு யாராலும் உறுதியாக விடை சொல்ல முடியாது. அதே நேரத்தில் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது: "நடுராத்திரியில் வலி தாங்காமல் துடித்தால் நாங்கள் எதைக் கொடுப்பது? அதை இப்போதே எழுதித் தருகிறீர்களா?" இதற்கு விடை உண்டு. அந்த விடையை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் குடும்பத்துக்கும் வெறுங்கையோடு திரும்பும் குடும்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சென்னையில் வீடு வீடாகப் போகும் நோய்த்தணிப்புச் செவிலியராக நான் தொடர்ந்து பார்க்கிறேன்.

கடைசி வாரத்தில் வரக்கூடிய தொல்லைகள் பெரும்பாலும் தெரிந்தவைதான். வலி, மூச்சுத்திணறல், குமட்டல், குழப்பமும் பதற்றமும், தொண்டையில் கறகறவென்று கபம் சேர்வது. எது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் மருந்து இருக்கிறது. அந்த மருந்தைத் தேவைப்படுவதற்கு முன்பே எழுதி, வாங்கி, கொடுக்கும் முறையையும் சொல்லிக்கொடுத்து வீட்டில் வைத்துவிடுவதுதான் முன்கூட்டிய மருந்து ஏற்பாடு. பிரிட்டனில் இதற்கென்றே ஒரு சிறிய பெட்டியை நோயாளியின் வீட்டில் வைத்துவிடுவது நெடுங்கால வழக்கம். நம் ஊரில் அது இன்னும் எல்லா இடத்திலும் தானாக நடப்பதில்லை. குடும்பம்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே எந்த மருந்துக்கும் அளவு எழுதவில்லை. ஒருவருக்குச் சரியான அளவு இன்னொருவருக்கு ஆபத்து. சிறுநீரகம் எப்படி இருக்கிறது, ஏற்கெனவே என்ன மருந்து சாப்பிடுகிறார், உடல் எடை என்ன என்பதையெல்லாம் பார்த்து மருத்துவர் எழுதுவது மட்டுமே உங்கள் அளவு.

எப்போது கேட்பது

இன்னும் மாத்திரை விழுங்க முடிகிற நாட்களிலேயே கேட்டுவிடுங்கள். நாளின் பெரும்பகுதி தூக்கத்தில் போகிறது, சாப்பாடு இரண்டு ஸ்பூனோடு நின்றுவிடுகிறது, கழிவறைக்கு எழுந்து போக முடியவில்லை, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. இவற்றில் இரண்டு தென்பட்டாலே காலம் நெருங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு மருத்துவரை அழையுங்கள். சனிக்கிழமை மாலை, பண்டிகைக்கு முதல் நாள், மழைக்காலம் ஆகியவற்றை மனதில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை பக்கம் இருப்பவர்களிடம் ஒரு வாரத்துக்கான மருந்து எப்போதும் கூடுதலாக இருக்கட்டும் என்றுதான் சொல்வேன். 2015, 2023 டிசம்பர் வெள்ளத்தில் தெருவை விட்டு வெளியே வர முடியாமல் இருந்தவர்களுக்கு இதன் காரணத்தை விளக்கத் தேவையில்லை.

யாரிடம் கேட்பது

கடும் வலியைக் குறைக்கும் மார்ஃபின் மாத்திரை தெருமுனை மருந்துக் கடையில் கிடைக்காது. இது பலருக்கும் தெரிவதில்லை. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக அலைந்துவிட்டு, "சென்னையிலேயே மருந்து இல்லையாம்" என்று சோர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் மார்ஃபின் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. 2014இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின் உள்ளிட்ட 6 மருந்துகளை இன்றியமையாதவை என்று தனியாகப் பிரித்தார்கள். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள், பயிற்சி பெற்ற மருத்துவரைக் கொண்டு அவற்றை நோயாளிகளுக்குத் தரலாம். எனவே முதல் வேலை, அப்படிப்பட்ட இடத்தில் நோயாளியைப் பதிவு செய்வது.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள் அங்கேயே நோய்த்தணிப்புப் பிரிவைக் கேட்கலாம். மற்ற பெரிய மருத்துவமனைகளில் பலகையில் 'வலி நிவாரணப் பிரிவு' என்றோ 'பாலியேட்டிவ் கேர்' என்றோ இருக்கும். மணலியை ஒட்டிய மாத்தூரில் ஜீவோதயா போன்ற இல்லங்களும் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் நோய்த்தணிப்புச் சேவையும் அடக்கம். உங்கள் வார்டின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். எதுவும் புரியாவிட்டால் 104 உதவி எண்ணில் கேட்கலாம்.

பதிவின்போது நோயாளி நேரில் வர முடியாது என்றால், சிகிச்சைச் சுருக்கம், ஸ்கேன் அறிக்கை, இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் அட்டை, நோயாளியின் அடையாள அட்டை ஆகியவற்றோடு நெருங்கிய உறவினர் ஒருவர் போனால் போதுமா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். நான்காம் மாடியிலிருந்து லிஃப்ட் இல்லாத வீட்டில் அவரைத் தூக்கி இறக்குவதற்கு முன் அந்த ஒரு அழைப்பைச் செய்துவிடுங்கள்.

சீட்டில் என்னென்ன இருக்க வேண்டும்

வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மார்ஃபின். ஒரே மருந்து இரண்டு தொல்லைகளுக்கும் உதவும். மூச்சுத்திணறலுக்குப் பெரும்பாலும் சிறிய அளவே போதுமானதாக இருக்கும். ஏற்கெனவே மார்ஃபின் சாப்பிடுகிறவர் என்றால், வேளாவேளைக்குக் கொடுப்பது எவ்வளவு, இடையில் வலி பீறிட்டால் கூடுதலாகக் கொடுப்பது எவ்வளவு என்று இரண்டு வரிகள் தனித்தனியாக இருக்க வேண்டும். பல சீட்டுகளில் இரண்டாவது வரி விடுபட்டுவிடுகிறது. அதை எழுதி வாங்காமல் எழுந்து வராதீர்கள். மார்ஃபினோடு மலமிளக்கியும் இருக்க வேண்டும். தொடக்க நாட்களுக்குக் குமட்டல் மருந்தும் தேவைப்படலாம்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மார்ஃபினின் கழிவுகள் உடலில் தேங்கும். தூக்கம் மிகுந்து, கைகால்கள் திடீர் திடீரென வெட்டி இழுக்கும். அவர்களுக்கு மருத்துவர் தோலில் ஒட்டும் ஃபென்டனைல் பட்டை போன்ற வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம். பட்டையை ஒட்டியதும் வலி போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். முழுப் பலன் தெரிய அரை நாளோ அதற்கு மேலோ ஆகும். அதனால் திடீர் வலிக்கு அது உதவாது, வேறொரு மருந்து கைவசம் இருக்க வேண்டும். பட்டையின் மீது வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது. சூடு பட்டால் மருந்து அளவுக்கு மீறி உடலுக்குள் போகும். அதிகக் காய்ச்சல் வந்தாலும் இதே சிக்கல் உண்டு, உடனே சொல்லிவிடுங்கள்.

பதற்றத்துக்கும் வலிப்புக்கும் மிடாசோலம். ஊசியாகவும் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாகவும் கிடைக்கிறது. ஊசி போட ஆள் இல்லாத வீட்டுக்கு ஸ்பிரே பெரிய துணை. நாக்குக்கு அடியில் வைக்கும் லோரசெபாம் மாத்திரையும் உண்டு. குமட்டலுக்கும், இல்லாததைப் பார்ப்பது, துணியைப் பிடுங்குவது, அர்த்தமில்லாமல் பேசுவது போன்ற குழப்பத்துக்கும் ஹாலோபெரிடால். நோயாளிக்குப் பார்க்கின்சன் நோய் இருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அவருக்கு ஹாலோபெரிடால் ஒத்துக்கொள்ளாது. தொண்டைக் கபத்துக்குக் கிளைகோபைரோலேட் அல்லது புஸ்கோபான் என்ற பெயரில் அறியப்படும் ஹையோசின் பியூட்டைல்புரோமைடு. இவை இனிமேல் ஊறும் சுரப்பைக் குறைக்குமே தவிர, ஏற்கெனவே தேங்கிய கபத்தை வெளியே எடுக்காது. எனவே சத்தம் தொடங்கியதுமே கொடுப்பதில்தான் பலன்.

மிடாசோலம் போன்றவற்றை மருந்துக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டுதான் தர முடியும். சீட்டில் மருத்துவரின் பதிவு எண், தேதி, நோயாளியின் பெயர், எத்தனை என்ற எண்ணிக்கை எல்லாம் தெளிவாக இருந்தால் வாக்குவாதம் வராது. பெரிய மருத்துவமனைகளின் உள்ளே 24 மணி நேரமும் திறந்திருக்கும் கடைகளில் கிடைப்பதற்கு வாய்ப்பு அதிகம். அங்கும் போவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள்.

இவை அடிப்படை. சிலருக்குக் கூடுதலாக ஏதாவது தேவைப்படும். மூளைக் கட்டி உள்ளவருக்கு வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று தனியாகக் கேளுங்கள். வாய், கழுத்துப் பகுதிப் புற்றுநோயில் சிலருக்குத் திடீரென்று நிறைய ரத்தம் போகக்கூடும். அப்படி ஒரு வாய்ப்பு உண்டா என்று கேட்பதற்கு மனம் நடுங்கும், இருந்தாலும் கேளுங்கள். உண்டு என்றால் அடர்சிவப்பு அல்லது கருநீலத் துண்டுகள் சிலவற்றைக் கட்டிலுக்கு அருகில் வைத்துக்கொள்ளச் சொல்வோம். வெள்ளைத் துணியில் ரத்தம் தெரிவதுபோல் அதில் தெரியாது, நோயாளியின் பீதியும் உங்கள் பீதியும் குறையும். அந்த நேரத்தில் கொடுக்க வேண்டிய மருந்தும் சீட்டில் இருக்கட்டும்.

விழுங்க முடியாதபோது

மாத்திரை உள்ளே போகாத நாள் கட்டாயம் வரும். அன்று பலர் மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள். வலி நிற்கவில்லை, மாத்திரை மட்டும்தான் நின்றிருக்கிறது. எனவே ஒவ்வொரு மருந்துக்கும் "விழுங்க முடியாவிட்டால் எப்படி?" என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சாதாரண மார்ஃபின் மாத்திரையைப் பொடித்துச் சில துளி நீரில் கரைத்துக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் விடலாம் என்று மருத்துவர் அனுமதிப்பதுண்டு. ஆனால் 12 மணி நேரம் மெதுவாக வேலை செய்யும் வகை மார்ஃபினை ஒருபோதும் பொடிக்கக் கூடாது. பொடித்தால் அரை நாளுக்கான மருந்து ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும். இரண்டும் வீட்டில் இருந்தால் மெதுவாக வேலை செய்யும் அட்டையின் மீது சிவப்பு மையால் 'பொடிக்காதே' என்று எழுதிவிடுங்கள்.

இன்னொரு வழி, தோலுக்கு அடியில் செலுத்துவது. செவிலியர் பகலிலேயே வந்து மேல்கையிலோ காறை எலும்புக்குக் கீழேயோ மெல்லிய குழாய் இணைந்த சிறிய பட்டர்ஃப்ளை ஊசியைச் செருகி ஒட்டிவிட்டுப் போவார். அதன்பின் குடும்பத்தினர் உடலில் குத்த வேண்டியதே இல்லை, குழாயின் முனையில் சிரிஞ்சைப் பொருத்தி மெதுவாகத் தள்ளினால் போதும். அந்த இடம் சிவந்தாலோ வீங்கினாலோ கசிந்தாலோ இடத்தை மாற்றச் சொல்லி அழையுங்கள். மாத்திரையின் மில்லிகிராமும் ஊசியின் மில்லிகிராமும் சமம் இல்லை. ஊசி மார்ஃபினின் வீரியம் அதிகம், அதே அளவைக் கொடுத்தால் மிகையாகிவிடும். வீட்டில் சர்க்கரை நோயாளிக்கு வாங்கி வைத்த இன்சுலின் சிரிஞ்சையும் இதற்கு எடுக்காதீர்கள். அதில் கோடுகள் யூனிட் கணக்கில் இருக்கும்.

தாளும் டப்பாவும்

மருத்துவரின் ஆங்கிலச் சீட்டைச் செவிலியரோடு உட்கார்ந்து தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். என்ன தொல்லை, எந்த மருந்து, எவ்வளவு, எந்த வழியில், பலன் தெரிய எத்தனை நிமிடம் காத்திருப்பது, எவ்வளவு நேரம் கழித்து மறுபடி கொடுக்கலாம், ஒரு நாளில் எத்தனை முறைக்கு மேல் போனால் அழைக்க வேண்டும். இவ்வளவும் ஒரே பக்கத்தில், பாட்டிக்கும் படிக்கத் தெரியும் அளவு பெரிய எழுத்தில் இருக்கட்டும். கீழே இரவில் அழைக்க வேண்டிய எண். அந்த எண்ணை யார் எடுப்பார்கள், எத்தனை மணி வரை எடுப்பார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

மருந்துகளை ஒரு மூடி போட்ட டப்பாவில், ஒவ்வொன்றையும் தனி உறையில் போட்டு 'வலிக்கு', 'கபத்துக்கு' என்று எழுதி வையுங்கள். சிரிஞ்சு, பஞ்சு, கையுறை, பயன்படுத்திய ஊசி போடக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில் எல்லாம் அதிலேயே இருக்கட்டும். அடுப்புக்குப் பக்கத்திலும், குளிர்சாதனப் பெட்டியின் மேலும், வெயில் விழும் ஜன்னலிலும் வைக்க வேண்டாம். சென்னையின் மே மாத வெப்பத்தில் வீட்டின் குளுமையான அலமாரிதான் சரியான இடம். பூட்டு அவசியம். பிள்ளைகள் இருக்கும் வீடு, குடிப்பழக்கமோ போதைப்பழக்கமோ உள்ள ஒருவர் வந்துபோகும் வீடு என்றால் அதை மறைக்காமல் எங்களிடம் சொல்லுங்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குச் சில நாட்களுக்கான மருந்தை மட்டும் அவ்வப்போது தருவோம். சாவி எங்கே என்பது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கூடவே ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, நேரம், எதற்காக, எதை, எவ்வளவு, யார் கொடுத்தது, அரை மணி நேரம் கழித்து எப்படி இருந்தார். காலையில் வரும் செவிலியருக்கு இந்த நோட்டு பத்து நிமிடப் பேச்சைவிடப் பயன்படும். நாளைய அளவை மருத்துவர் கூட்டுவதும் குறைப்பதும் இதைப் பார்த்துத்தான்.

கை தயங்கும் இரவு

இத்தனையும் செய்துவிட்டு, மருந்து அலமாரியில் இருக்க, நோயாளி விடியும்வரை முனகிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். காரணம் ஒன்றுதான். கொடுக்க வேண்டியவருக்குப் பயம். "நான் கொடுத்த மருந்தினால் உயிர் போய்விட்டால்?" இந்தப் பயத்தைப் பகலிலேயே பேசித் தீர்க்காவிட்டால் டப்பா பூட்டியபடியே இருக்கும்.

எனவே தெளிவாகச் சொல்கிறேன். அறிகுறிக்கு ஏற்ப அளந்து கொடுக்கும் மார்ஃபின் மரணத்தை இழுத்துக்கொண்டு வருவதில்லை. உயிர் பிரிவது நோயால். கடைசி நாட்களில் அடிக்கடி மருந்து கொடுப்பதால், ஏதோ ஒரு வேளை கொடுத்ததற்குப் பிறகு மூச்சு நிற்பது இயல்பு. அந்த வேளையைக் கொடுத்தது ஒரு மகளாகவோ மனைவியாகவோ இருப்பார். அவர் அதைச் சுமந்துகொண்டு வாழக் கூடாது. நான் போகிற ஒவ்வொரு வீட்டிலும், மருந்து கொடுக்கப்போகிறவரையும் மற்றவர்களையும் ஒன்றாக உட்காரவைத்து இதைச் சொல்லிவிடுவேன். பின்னால் யாரும் அவரைக் கேள்வி கேட்கக் கூடாது என்பதற்காகவும்தான்.

பொறுப்புக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். மூத்த மகன் என்பதற்காக அவர் தலையில் கட்ட வேண்டாம். பதறாதவர், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர், இரவில் விழிக்கக்கூடியவர் போதும். பகலில் ஒருமுறை வெறும் தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்து அளந்து பழகச் சொல்லுங்கள். தாளை உரக்கப் படித்து, "இப்போது மூச்சு வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், எந்த உறையை எடுப்பீர்கள்?" என்று செவிலியரையே கேட்கச் சொல்லுங்கள்.

டப்பாவைத் திறக்கும் முன் சிலவற்றைப் பார்க்க வேண்டும். திடீரென்று புரண்டு புரண்டு பதறுகிறார் என்றால் முதலில் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். சிறுநீர் அடைத்திருந்தால் மிடாசோலம் கொடுத்துப் பயனில்லை, சிறுநீரை வெளியேற்றும் குழாயான கதீட்டர்தான் வேண்டும். மலச்சிக்கலும் இதேபோல் பதறவைக்கும். மூச்சு வாங்கினால் தலைப்பக்கத்தை உயர்த்தி, ஜன்னலைத் திறந்து, சிறிய மின்விசிறியை முகத்துக்கு நேராக வையுங்கள். முகத்தில் படும் காற்று திணறலைக் குறைக்கும். கபச் சத்தம் கேட்டால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், பாதிச் சத்தம் அதிலேயே அடங்கக்கூடும். ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவரை அந்தச் சத்தம் பெரும்பாலும் வருத்துவதில்லை, கேட்டுக்கொண்டிருக்கும் நமக்குத்தான் தாங்க முடியாது. மூச்சு விட்டு விட்டு வருவது, கைகால் குளிர்ந்து நிறம் மாறுவது ஆகியவற்றுக்கு மருந்து தேவையில்லை. முகம் சுளிக்கிறாரா, நெற்றி சுருங்குகிறதா, முனகுகிறாரா என்று பாருங்கள். முகம் தெளிவாக இருந்தால் அவர் அமைதியாகத்தான் இருக்கிறார்.

மருந்து கொடுத்தபின் நேரத்தைக் குறித்துக்கொண்டு காத்திருங்கள். வாய்வழி மார்ஃபின் வேலை செய்யத் தொடங்கவே அரை மணி நேரம் ஆகலாம். ஐந்து நிமிடத்தில் பலன் இல்லை என்று மறுபடி கொடுக்கக் கூடாது. நேற்றுவரை பேசியவரை இன்று எழுப்பவே முடியவில்லை, மூச்சு மிக மெதுவாகிவிட்டது, உடல் வெட்டி வெட்டி இழுக்கிறது என்றால் அடுத்த வேளையைக் கொடுக்கும் முன் அழையுங்கள்.

நிறுத்த வேண்டியவை

சத்து மாத்திரை, கொழுப்பு மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை என்று வருடக்கணக்கில் சாப்பிட்டதெல்லாம் இப்போது சுமை. எவற்றை விடலாம் என்று ஒரே அமர்வில் கேட்டு முடித்துவிடுங்கள். சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் பற்றிக் கேட்பது மிக முக்கியம். சாப்பாடே இறங்காதவருக்குப் பழைய அளவைக் கொடுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவு இறங்கிவிடும். வலிப்பு மருந்தையும் ஸ்டீராய்டையும் மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்று வழி கேளுங்கள்.

குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும் என்று யாராவது சொல்வார்கள். இந்தக் கட்டத்தில் ஏற்றும் நீர் வீக்கத்தையும் தொண்டைக் கபத்தையும் கூட்டக்கூடும். வாயை ஈரப் பஞ்சால் துடைத்து உதட்டில் வாசலின் தடவுவதே தாகத்துக்குப் போதுமான மருந்து. பால் விடுவது, துளசித் தீர்த்தம், ஜம்ஜம் நீர், நற்கருணை எல்லாம் அந்தந்த வீட்டின் கடமைகள், அவற்றைத் தடுக்கச் சொல்லவில்லை. ஸ்பூனால் ஊற்றாமல் பஞ்சில் நனைத்து உதட்டில் தொடுங்கள். மயக்கத்தில் இருப்பவரின் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்த் திணறவைக்கும்.

உறவினர், ஆம்புலன்ஸ், சான்றிதழ்

ஊரிலிருந்து வரும் சித்தப்பா வாசலிலேயே கேட்பார்: "இன்னும் ஏன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை?" பதிலைத் தயாராக வையுங்கள். "சித்தப்பா, டாக்டரிடம் பேசித்தான் முடிவெடுத்தோம். அப்பாவே வீட்டில் இருக்க வேண்டும் என்றுதான் சொன்னார். வலிக்கு மருந்து இதோ இருக்கிறது, இந்தத் தாளைப் பாருங்கள்." தாளைக் காட்டியதும் பேச்சின் தொனி மாறுவதைக் கவனித்திருக்கிறேன். பதற்றத்தில் ஒருவர் 108ஐ அழைத்துவிட்டால், அவர்கள் வந்து உயிரைக் காக்கும் வேலையைத்தான் செய்வார்கள், அது அவர்கள் கடமை. நோயின் நிலை, வீட்டில் பராமரிக்கும் முடிவு, செயற்கைச் சுவாசமோ இதய மீட்பு முயற்சியோ வேண்டாம் என்ற முடிவு ஆகியவற்றை மருத்துவர் கையொப்பத்தோடு ஒரு கடிதமாக வாங்கி டப்பாவில் வையுங்கள். நோயாளி தெளிவாக இருக்கும்போதே தன் விருப்பத்தை முன்கூட்டிய மருத்துவ ஆவணமாக எழுதலாம் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிமையாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும் என்றது.

வீட்டில் உயிர் பிரிந்தால் வந்து பார்த்துச் சான்றளிக்கப்போகும் மருத்துவர் யார் என்பதையும் இப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். நோயைத் தொடர்ந்து கவனித்த மருத்துவர் இறப்பின் காரணத்தைப் படிவம் 4ஏ-இல் எழுதித் தர வேண்டும். மயானத்திலும் மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். மாநகராட்சியில் 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும், வீட்டில் நடந்தால் அந்தப் பொறுப்பு குடும்பத் தலைவருடையது.

மிச்ச மருந்து

காரியங்கள் முடிந்ததும் டப்பாவைத் திறந்து மீதியை எண்ணி நோட்டில் எழுதுங்கள். மார்ஃபின், ஃபென்டனைல், மிடாசோலம் எல்லாவற்றையும் கொடுத்த நிறுவனத்திடமே ஒப்படைத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு முதுகுவலி என்று ஒரு மாத்திரைகூடக் கொடுக்க வேண்டாம். பயன்படுத்திய ஃபென்டனைல் பட்டையிலும் மருந்து மிச்சம் இருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே இருக்குமாறு மடித்து, குழந்தைகள் கையில் படாமல் அதையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். ஊசி பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போடாமல் வீட்டுக்கு வந்துபோன செவிலியரிடம் கொடுங்கள், குப்பை பிரிக்கும் தொழிலாளியின் கையில் குத்திவிடக் கூடாது. நீங்கள் எழுதிய நோட்டின் நகல் ஒன்றையும் அவரிடம் தர முடிந்தால் தாருங்கள். அடுத்த வீட்டுக்கு எழுதும் தாளை இன்னும் தெளிவாக எழுத எங்களுக்கு அது உதவும்.